கிரெட்னாவின் டாக்டர்

 பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

கால்பந்து என்றால் பீலே, மாரடோனா, மெஸ்ஸி என்று உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளே பெயர் சொல்லும். இன்று நான் எழுதப்போவது அப்படிப்பட்ட ஆளைப் பற்றி அல்ல. பெயர் கென்னி டியூக்கர். ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து 'டியூச்சர்' என்று படித்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்த இடத்தில் தொண்டையிலிருந்து ஓர் ஒலி எழுப்புவார்கள், தமிழில் அதற்கு எழுத்து இல்லை. படிப்பால் மருத்துவர். விளையாட்டில் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவர். ஆடியதெல்லாம் பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் கீழ்மட்ட லீக்குகளில். ஒரு கிராமத்து அணியோடு அவர் மேலே போனதும், அந்த அணி அப்படியே இல்லாமல் போனதும்தான் கதை.

அட்லஸ் இருந்தால் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் கைப்பேசியில் வரைபடம் திறங்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தொடும் எல்லையில், மேற்குக் கடலோரமாகப் பாருங்கள். சார்க் என்று ஒரு சின்ன ஆறு. அதைத் தாண்டியதும் வரும் முதல் ஊர் கிரெட்னா. ஏறக்குறைய 3000 பேர் வாழும் ஊர். பக்கத்தில் ஒட்டினாற்போல் கிரெட்னா கிரீன் என்று பழைய கிராமம் ஒன்று.

இந்தக் கிரெட்னா கிரீன்தான் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்பவர்களுக்குப் பேர்போன ஊர். 1754-ல் இங்கிலாந்தில் ஒரு திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 21 வயது ஆகாதவர்கள் பெற்றோர் சம்மதமில்லாமல் மணம் முடிக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. இரண்டு சாட்சிகள் முன்னால் நாங்கள் கணவன் மனைவி என்று சொன்னால் போதும். ஆகவே காதலர்கள் குதிரைவண்டி பிடித்து வடக்கே ஓடி வந்தார்கள். எல்லை தாண்டியதும் எதிர்ப்படும் ஊர் இதுதான். ஊர்க் கொல்லர்களே பட்டறைக் கல்லின் முன் நிறுத்திக் கல்யாணம் நடத்தி வைத்தார்கள். பின்னால் துரத்தி வந்த அப்பாமார்கள் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும்!

கிரெட்னா ஊர் உருவான கதை வேறு. முதல் உலகப் போரில் பீரங்கிகளுக்கு வெடிமருந்து போதவில்லை என்று பிரிட்டிஷ் அரசு இங்கே மாபெரும் தொழிற்சாலை கட்டியது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். ஏறக்குறைய 12000 பேர். வெடிமருந்துக் கூழைக் கையால் பிசைந்தார்கள். அதைப் பார்க்க வந்த ஆர்தர் கோனன் டாயில் (ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதியவர்தான்) அதற்குப் பிசாசின் கஞ்சி என்று பெயர் வைத்தார். அந்தத் தொழிலாளர்கள் தங்குவதற்காகக் கட்டிய குடியிருப்புதான் இன்றைய கிரெட்னா. போர் முடிந்தது, ஆலை போனது, ஊர் மட்டும் நின்றது. இதே ஊருக்குப் பக்கத்தில்தான் 1915-ல் க்விண்டின்ஷில் ரயில் விபத்தும் நடந்தது. அது தனிக்கதை.

1946-ல் ஊரில் ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கினார்கள். மைதானத்தின் பெயர் ரேடேல் பார்க். ஊர் ஸ்காட்லாந்தில் இருந்தாலும், பக்கத்துப் பெரிய ஊர் இங்கிலாந்தின் கார்லைல்தான். ஆகவே அரை நூற்றாண்டுக்கு மேல் கிரெட்னா அணி ஆங்கிலேய லீக்குகளிலேயே ஆடியது. 1991-ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் முதல் சுற்று வரை போய், ராச்டேல் அணியோடு டிரா செய்து, மறு ஆட்டத்தில் தோற்றது. ஊருக்கு அதுவே பெரிய சரித்திரம்.

2002-ல் ஸ்காட்லாந்து லீக்கில் ஓர் இடம் காலியானது. எப்படிக் காலியானது என்பதைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். ஏர்ட்ரியோனியன்ஸ் என்ற பழைய கழகம் கடனில் மூழ்கி மூடப்பட்டது. அந்தக் காலி இடத்துக்கு விண்ணப்பித்தவர்களில் கிரெட்னாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்போது ஸ்காட்லாந்தில் மொத்தம் 42 லீக் அணிகள். மேலே பிரீமியர் லீக்கில் 12. அதற்குக் கீழே முதல், இரண்டாம், மூன்றாம் டிவிஷன் என்று பத்துப்பத்து அணிகள். மூன்றாம் டிவிஷன் என்பது பெயரில்தான் மூன்றாவது, உண்மையில் நாலாவது படி. பத்து அணிகள் ஒன்றோடொன்று நாலு முறை மோதும். ஆக 36 ஆட்டம். இந்தப் படியில் ஆடுகிறவர்களுக்குக் கால்பந்து முழுநேரத் தொழில் அல்ல. தச்சர், தபால்காரர், எலெக்ட்ரீஷியன், நம்மைப் போல் வாத்தியார். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் என்ற அணி தன் ஆட்டக்காரர்களுக்கு வாரம் 10 பவுண்டுதான் கொடுத்தது. பெட்ரோல் செலவுக்கே காணாது. அப்படியும் ஆடினார்கள். விளையாட்டு ஆசை என்பது அப்படி.

இந்த இடத்தில் ப்ரூக்ஸ் மைல்சன் என்ற செல்வந்தர் வருகிறார். இங்கிலாந்தின் சண்டர்லேண்டுக்காரர். கட்டுமானத்திலும் காப்பீட்டிலும் பணம் சேர்த்தவர். சிறுவயதில் விபத்தில் முதுகு முறிந்து, பிறகு எழுந்து நெடுந்தூர ஓட்டக்காரராக ஆனவர். நீண்ட முடியைப் பின்னால் குதிரைவால் போலக் கட்டியிருப்பார், சிகரெட் கையைவிட்டு இறங்காது. வீட்டில் ஆதரவற்ற மிருகங்களைச் சேர்த்து வளர்த்தார். பல சின்னக் கழகங்களுக்கு உதவியவர், கிரெட்னாவைத் தத்தெடுத்தே விட்டார். ஆட்டக்காரர்களுக்கு முழுநேரச் சம்பளம். நாலாவது படியில் அது யாரும் கனவு காணாத விஷயம்.

2004-ல் அந்த அணிக்கு வந்தார் டியூக்கர். 1980-ல் ஸ்டர்லிங்கில் பிறந்தவர். டண்டீ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். முன்பு பால்கிர்க், ஈஸ்ட் ஃபைஃப் அணிகளுக்கு ஆடியிருக்கிறார். நெட்டையான ஆள், தலையால் பந்தை முட்டுவதில் கெட்டிக்காரர். கிரெட்னாவுக்கு வந்தபோது பயிற்சி டாக்டர். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். பயிற்சி டாக்டர் வேலை என்றால் என்ன என்று உங்களில் டாக்டரானவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். தூக்கமே இல்லாத காலம் அது.

அந்த 2004-05 பருவத்தில் அவர் லீக் ஆட்டங்களில் அடித்த கோல் 38. ஹாட்ரிக் மட்டும் ஆறு. இங்கிலாந்தின் மாபெரும் கோல்காரர் ஜிம்மி கிரீவ்ஸ் செல்சிக்கு ஆடிய காலத்தில் ஒரே பருவத்தில் அடித்த ஹாட்ரிக்கும் ஆறுதான். கிரெட்னா 36 ஆட்டத்தில் 32 வெற்றி, 2 டிரா, 2 தோல்வி. அடித்த கோல் 130. புள்ளி 98. இரண்டாவதாக வந்த பீட்டர்ஹெட் 20 புள்ளி பின்னால் நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கை தொலைக்காட்சியில் எல்லா லீக் முடிவுகளையும் அப்போது வாசித்த ஜெஃப் ஸ்டெல்லிங், டியூக்கர் கோல் அடித்த செய்தி வரும்போதெல்லாம் உற்சாகத்தில் 'நல்ல டாக்டர்' என்று அழைப்பார். அப்படித்தான் நாலாவது படி ஆட்டக்காரர் ஒருவரின் பெயர் பிரிட்டன் முழுதும் வீடுகளில் ஒலித்தது.

இப்போது ஒரு கேள்வி. வாரம் 10 பவுண்டு வாங்குகிறவனுக்கு எதிராக முழுச் சம்பளம் வாங்குகிற அணி அடித்த கோலுக்கு என்ன மதிப்பு? அன்றைக்கே பலர் முணுமுணுத்தார்கள், காசு கொடுத்து வாங்கிய கோல் என்று. எனக்கு அந்தப் பேச்சு பாதிதான் சரி. சம்பளம் ஆளைக் கொண்டுவந்து மைதானத்தில் நிறுத்தும், அவ்வளவுதான். பந்து வரும் இடத்தை அரை விநாடி முன்னால் கணித்து அங்கே போய் நிற்பது அவன் திறமை. அதே பணத்தில் வாங்கிய மற்றவர்கள் எல்லாரும் 38 அடிக்கவில்லையே. ஆனால் எதிரணிகளின் மனக்குறையும் நியாயம்தான். அவர்கள் டிக்கெட் காசில் வாழ்ந்தார்கள், கிரெட்னா ஒருவர் பையிலிருந்து வாழ்ந்தது.

கீழ்மட்ட லீக் கோல்களைச் சரித்திரம் எப்படி மறக்கிறது என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1927-28 பருவத்தில் எவர்டன் அணியின் டிக்ஸி டீன் இங்கிலாந்து முதல் டிவிஷனில் 60 கோல் அடித்தார். இன்றும் அவருக்குச் சிலை இருக்கிறது. அதே பருவத்தில், ஸ்காட்லாந்து இரண்டாம் டிவிஷனில், ஏர் யுனைடெட் அணியின் ஜிம்மி ஸ்மித் அடித்தது 66. டீனைவிட ஆறு அதிகம். பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? படி கீழே என்றால் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சரி, கிரெட்னாவுக்கு வருவோம். அடுத்த பருவத்தில் இரண்டாம் டிவிஷனையும் 88 புள்ளியோடு வென்றார்கள். அதைவிடப் பெரிது, அதே 2006-ல் ஸ்காட்டிஷ் கோப்பையில் நடந்தது. செல்டிக்கை வீழ்த்திவிட்டு வந்த கிளைடு அணியை வென்றார்கள். செயின்ட் மிரனை வென்றார்கள். அரையிறுதியில் டண்டீயை 3-0. டியூக்கரும் அதில் ஒரு கோல் போட்டார். மூன்றாம் படியில் ஆடும் அணி ஒன்று ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அந்தக் கோப்பை 1873-74-லிருந்து நடக்கிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

2006 மே 13. கிளாஸ்கோவின் ஹேம்ப்டன் பார்க். 51000-க்கு மேல் கூட்டம். கிரெட்னா மக்கள்தொகையைப் போல் பதினேழு மடங்கு! எதிரே எடின்பரோவின் ஹார்ட்ஸ். அந்தக் கழகத்தையும் ஒரு பணக்காரர்தான் வாங்கியிருந்தார், விளாதிமிர் ரொமானோவ், லிதுவேனியாவில் வங்கி வைத்திருந்தவர். இரண்டு பக்கமும் பிறர் பணம்தான், பருமன்தான் வேறு.

முதல் பாதியில் ஹார்ட்ஸின் ஸ்காட்செல் கோல் போட்டார். முடிந்தது என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். 76-வது நிமிடம் கிரெட்னாவுக்குப் பெனால்டி. மெக்கஃபி அடித்தார், கோல்கீப்பர் கிரெய்க் கார்டன் தடுத்தார், பந்து திரும்பி மெக்கஃபி காலுக்கே வந்தது, தள்ளிவிட்டார். 1-1. கூடுதல் நேரத்திலும் அதே கணக்கு. கடைசியில் பெனால்டி ஷூட்அவுட். டெரெக் டவுன்ஸ்லி அடித்ததைக் கார்டன் தடுத்தார். கேவின் ஸ்கெல்டன் அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 4-2 என்று ஹார்ட்ஸ் கோப்பையைக் கொண்டுபோனது. ஸ்கெல்டன் என்ற பெயரை நினைவில் வையுங்கள்.

ஹார்ட்ஸ் லீக்கில் இரண்டாவது இடம் பிடித்துச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றுக்குப் போய்விட்டதால், கோப்பையில் தோற்றாலும் கிரெட்னாவுக்கு யூஈஎஃப்ஏ கோப்பையில் இடம் கிடைத்தது. மூவாயிரம் பேர் ஊர், ஐரோப்பியப் போட்டியில். அயர்லாந்தின் டெரி சிட்டியிடம் முதல் ஆட்டம் 1-5, இரண்டாவது 2-2. வெளியே வந்துவிட்டார்கள். இருந்தாலும் போனார்கள் இல்லையா!

முதல் டிவிஷனில் கதை இன்னும் வேகமானது. 2007 ஏப்ரல் 28, கடைசி நாள் ஆட்டம். செயின்ட் ஜான்ஸ்டன் தன் ஆட்டத்தை ஜெயித்துவிட்டுப் பட்டம் தமக்குத்தான் என்று காத்திருந்தது. வடக்கே டிங்வாலில் ராஸ் கவுன்டியோடு கிரெட்னா 2-2. கூடுதல் நிமிடங்களில் ஜேம்ஸ் கிரேடி கோல் போட்டார். 66 புள்ளி எதிர் 65. கிரெட்னா பிரீமியர் லீக்கில்! தொடர்ந்து மூன்று வருடம், மூன்று படி. டியூக்கர் அன்று அங்கே இல்லை. அந்த ஜனவரியில் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் டவுனுக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டிருந்தார். படிகள் மேலே போகப்போகப் பெரிய பெயர்கள் வந்து, பழைய ஆட்களுக்கு இடம் குறுகியது.

இனி வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வேகமாகத்தான் நடந்தது. பிரீமியர் லீக் விதிப்படி மைதானத்தில் 6000 இருக்கை வேண்டும். ரேடேல் பார்க்கில் அது இல்லை. ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தள்ளி மதர்வெல் ஊரின் ஃபிர் பார்க்கை இரவல் வாங்கி அதில் ஆடினார்கள். சொந்த ஊர் அணியைப் பார்க்க ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் யார் போவது? 2008 ஏப்ரலில் இன்வர்னஸ் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 431 பேர். நாட்டின் உச்ச லீக் ஆட்டம் அது! என் பார்வையில் அணி செத்தது அந்த இரவல் மைதானத்தில்தான், பணம் நின்றது பிறகு.

மைல்சன் உடல்நலம் கெட்டுப் படுத்தார். பணம் வருவது நின்றது. 2008 மார்ச்சில் கழகம் கடன் நிர்வாகிகள் கைக்குப் போனது. விதிப்படி பத்துப் புள்ளி வெட்டினார்கள். ஆட்டக்காரர்களும் ஊழியர்களும் வேலை இழந்தார்கள். பருவத்தை முடிக்கவே லீக் நிர்வாகம் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு மனிதரின் உடம்பை நம்பி ஒரு நிறுவனம் நின்றால் இதுதான். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கொடுத்த மனம் பெரிது. ஆனால் வீரர்களுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பங்கை ரேடேலில் செங்கல்லாக வைத்திருந்தால் ஊர் ஊரிலேயே ஆடியிருக்கும். அந்த நவம்பரில் மைல்சன் இறந்துபோனார். வயது 60.

நம் டாக்டர்? கழகம் சாய்வதற்குச் சற்று முன்பே அமெரிக்காவின் ரியல் சால்ட் லேக் அணிக்குப் போய்விட்டார். அதிக நாள் இல்லை. திரும்பி வந்து செயின்ட் ஜான்ஸ்டன், ஹாமில்டன், லிவிங்ஸ்டன் என்று ஆடினார். 2004-05 போல் ஒரு பருவம் அவருக்கு மறுபடி அமையவில்லை. ஆட்டம் முடிந்ததும் மருத்துவத்துக்குத் திரும்பினார். உங்களில் பலர் பிள்ளைகளை விளையாட விடலாமா படிக்க வைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். இவர் கதையை வைத்துப் படிப்பே காப்பாற்றும் என்று நான் சொல்லிவிடலாம். ஆனால் கூட ஆடி, வேறு தொழில் தெரியாமல், சம்பளம் நின்ற அன்று வீட்டு வாடகைக்கு வழி பார்த்தவர்களும் அதே ஹேம்ப்டன் புல்தரையில் ஓடியவர்கள்தான். அவர்களைக் குறைவாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிரெட்னாவின் கடைசி ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2008 மே 13. கோப்பை இறுதி நடந்து சரியாக இரண்டு வருடம், அதே தேதி. எதிரணியும் அதே ஹார்ட்ஸ். அன்று ஜெயித்தாலும் தோற்றாலும் கடைசி இடம்தான், நாளைக்குச் சம்பளம் உண்டா என்று தெரியாது. கிரெட்னா 1-0 என்று ஜெயித்தது. கோல் போட்டவர் கேவின் ஸ்கெல்டன்.

ஜூனில் கழகம் லீக்கிலிருந்து விலகியது. காலியான இடத்துக்கு வந்தது பக்கத்து ஊர் அணியான ஆனன் அத்லெடிக். ஏர்ட்ரியோனியன்ஸ் இடத்துக்குக் கிரெட்னா வந்தது போலவேதான். ரொமானோவின் ஹார்ட்ஸும் 2013-ல் இதே கடன் நிர்வாகத்துக்குப் போனது. அந்தக் கழகத்தை ரசிகர்களே மாதச் சந்தா கட்டி மீட்டார்கள். கிரெட்னாவிலும் ரசிகர்கள் சேர்ந்து கிரெட்னா 2008 என்று புதிய கழகம் தொடங்கினார்கள். அது ரேடேல் பார்க்கில் ஆடி, 2013-ல் லோலேண்ட் லீக்கில் சேர்ந்தது.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், கண் வலிக்கிறது. க்விண்டின்ஷில் ரயில் விபத்தைப் பற்றி அடுத்த ஞாயிறு எழுதுகிறேன். சிக்னல்மேன்கள் இருவர் செய்த கவனக்குறைவு, 200-க்கு மேற்பட்ட உயிர்கள், பெரும்பாலும் போருக்குப் புறப்பட்ட சிப்பாய்ப் பிள்ளைகள். ரயில்வேயில் வேலை பார்க்கும் நம் மாணவர்கள் அந்தக் காலத்துச் சிக்னல் முறையைப் பற்றி ஏதாவது தெரிந்தால் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.